மிதிவண்டி ஓட்டச் சொல்கிறோம், எந்தத் தெருவில்?

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டுத் தேய்மானத்தின் தொடக்க நிலை ஆகியவற்றுக்கு மருந்துச் சீட்டு எழுதும்போது, அதன் கீழே உடற்பயிற்சி என்ற ஒரு வரியையும் சேர்ப்பது வழக்கம். பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நடைப்பயிற்சி, நீச்சல், மிதிவண்டி என்று நாங்களும் அடுக்கிக்கொண்டே போவோம். மிதிவண்டியில் உடலின் முழு எடையும் முழங்காலில் இறங்குவதில்லை. ஆகவே மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதைச் சற்றுக் கூடுதலான ஆர்வத்தோடு சொல்வதுண்டு. நோயாளி தலையசைப்பார். உடன் வந்த மனைவியோ மகனோதான் கேட்பார்: "இந்த ரோட்டுல எங்க சார் ஓட்டுறது?"

இது மருத்துவத்திற்கு அப்பாற்பட்ட கேள்வி என்று நகர்ந்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மாத்திரையை எழுதுமுன் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று பார்க்கிறோம். ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா என்று கேட்கிறோம். மிதிவண்டியை மருந்தாக எழுதுவதாயின், அந்த மருந்து உட்கொள்ளப்படும் இடமாகிய தெருவையும் பார்த்தாக வேண்டும். அதைப் பார்ப்பது எப்படி என்பதில்தான் நம் நகரங்கள் பெரிதும் தடுமாறுகின்றன என்பது என் எண்ணம்.

ஒரு சாலை பாதுகாப்பானதா என்று கேட்டால், அதிகாரிகளாயினும் அக்கம்பக்கத்தாராயினும் முதலில் சொல்வது விபத்துக் கணக்கை. "அந்த ரோட்டில் சைக்கிள் விபத்தே நடந்ததில்லையே" என்பார்கள். நாட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 74,897 பேர் மோட்டார் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மிதிவண்டியில் சென்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு: 64,105 விபத்துகள். இந்த எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவர், சாலையில் செல்ல மிதிவண்டியே மிகப் பாதுகாப்பான வழி என்று முடிவு கட்டிவிடக்கூடும்.

மிதிவண்டியில் எத்தனை பேர் செல்கிறார்கள் என்று தெரியாமல் இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. சென்னைப் பெருநகரில் நிகழும் பயணங்களில் மிதிவண்டியின் பங்கு 1990களின் முற்பகுதியில் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருந்தது. 2008ஆம் ஆண்டின் ஆய்வில் அது ஆறாகக் குறைந்திருந்தது. ஓட்டியவர்கள் இறங்கிவிட்டார்கள். சிலர் ஸ்கூட்டர் வாங்கினார்கள். சிலருக்கு வேலையிடம் தொலைவாயிற்று. அச்சத்தால் நிறுத்தியவர்களும் உண்டு. காரணம் எதுவாயினும், ஓட்டுவோர் குறைந்த சாலையில் மிதிவண்டி விபத்தும் குறையத்தான் செய்யும். அண்ணா சாலையின் நடுவே பச்சைக் குழந்தை எவரும் தவழ்ந்து அடிபட்டதில்லை என்பதால் அச்சாலை தவழ்வதற்கு ஏற்றது என்று யாரும் சொல்வதில்லை.

மருத்துவமனைகளுக்கு இந்தக் கணக்கின் சூது நன்றாகவே தெரியும். உயிருக்குப் போராடும் நோயாளிகளை வாசலிலேயே வேறிடத்துக்கு அனுப்பிவிடும் ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதம் மிகக் குறைவாகவே இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து அதைச் சிறந்த மருத்துவமனை என்று எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். யாரைச் சேர்த்துக்கொண்டீர்கள், யாரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். தெருவையும் அப்படியே கேட்க வேண்டும். பள்ளிச் சிறுமியை, அறுபதைக் கடந்தவரை, முழங்கால் அறுவை முடிந்து ஓராண்டானவரை இந்தச் சாலை சேர்த்துக்கொள்கிறதா, திருப்பி அனுப்புகிறதா?

இன்னொன்றும் உண்டு. நடக்கும் விபத்துகளும் முழுமையாகக் கணக்கில் வருவதில்லை. வண்டி மோதி ஒருவர் அடிபட்டு வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். மிதிவண்டியின் முன்சக்கரம் வடிகால் மூடியின் கம்பி இடைவெளியில் சிக்கிக் கவிழ்ந்தவர், பேருந்துக்கு ஒதுங்கப்போய் மணலில் சறுக்கியவர், திடீரெனத் திறந்த கார்க் கதவில் மோதாமல் தப்பிக்கத் திரும்பி விழுந்தவர் ஆகியோரின் சீட்டில் "தானாக விழுந்ததாகக் கூறுகிறார்" என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும். மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். எலும்பு மருத்துவப் பிரிவில் ஓராண்டு பணியாற்றிய எவரும் இத்தகைய மணிக்கட்டுகளையும் காறை எலும்புகளையும் நிறையப் பார்த்திருப்பார்கள். இவை காவல்துறையின் வரைபடத்தில் புள்ளிகளாக இடம்பெறுவதில்லை. அந்த மூடியை மாற்ற வேண்டிய பொறியாளருக்கும் இது தெரியாது. தானாக விழுந்தவர் என்ற சொல்லே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தானாக யாரும் விழுவதில்லை; கீழே எதுவோ இருந்தது, அல்லது பக்கத்தில் எதுவோ வந்தது.

உள்நோயாளியாக இங்கே தங்கியிருந்தவர்களும் அவர்களுக்குத் துணையிருந்தவர்களும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். படுக்கை ஒதுக்கப்பட்டதும் செவிலியர் சில கேள்விகள் கேட்பார். முன்பு எப்போதாவது விழுந்ததுண்டா, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, ஊன்றுகோல் உண்டா, இரவில் எத்தனை முறை எழுந்து போவீர்கள். விழும் வாய்ப்பை முன்கூட்டியே மதிப்பிடும் முறை இது. மதிப்பெண் கூடுதலாக இருந்தால் கட்டிலின் பக்கக் கம்பிகள் உயர்த்தப்படும். கழிவறைக்குத் தனியே போகக் கூடாது என்று சொல்லப்படும். வார்டில் மூன்று பேர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் ஈரத் தரையைத் துடைப்போம் என்று எந்த மருத்துவமனையாவது சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? ஆனால் நம் சாலைகளில் இத்தனை உயிர்ப்பலிக்குப் பிறகே ஓரிடம் அபாயப் பகுதி என்று குறிக்கப்படுகிறது.

விபத்துக்கு முன்பே தெருவை மதிப்பிடும் முறைகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் மிதிவண்டிப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கெல்லர், நகர மக்களை நால்வகையாகப் பிரித்துப் பார்த்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுவோர் மிகச் சிலர். ஓரளவு வசதி இருந்தால் துணிந்து ஓட்டுவோர் இன்னும் சிலர். எது கொடுத்தாலும் ஓட்டாதவர்கள் ஒரு பகுதி. எஞ்சியவர்கள், அதாவது ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர், விருப்பமும் அச்சமும் ஒருங்கே உடையவர்கள் என்பது அவருடைய மதிப்பீடு. நம் மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோர் இந்த வகையினரே என்று நான் தயங்காமல் சொல்வேன். "எங்க ஓட்டுறது" என்று கேட்பவருக்கு விருப்பம் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார்.

2012ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் ஓசே நகரத் தெருக்களை ஆராய்ந்த பீட்டர் ஃபர்த் உள்ளிட்ட மூவர், மிதிவண்டி ஓட்டுபவருக்கு ஒரு தெரு எவ்வளவு மன அழுத்தம் தருகிறது என்பதை நான்கு படிகளாக வகுத்தார்கள். முதற்படித் தெருவில் குழந்தையை விடலாம். இரண்டாம் படியில் பெரும்பாலான பெரியவர்கள் அச்சமின்றிச் செல்லலாம். மூன்றாம் படி ஏற்கெனவே பழகியவர்களுக்கு. நான்காம் படி துணிச்சல்காரர்களுக்கு மட்டும். வலியை ஒன்று முதல் பத்து வரை சொல்லச் சொல்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அதைப் போன்றது. ஆனால் இங்கே மதிப்பெண் பெறுவது தெரு. வண்டிகளின் வேகம், பாதைகளின் எண்ணிக்கை, ஓரத்தில் நிறுத்தப்பட்ட வண்டிகள், சந்திப்பின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு படி முடிவாகும்.

அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறொரு விதி. ஒரு வழித்தடத்தின் மதிப்பெண் சராசரியால் முடிவு செய்யப்படுவதில்லை. அதிலுள்ள மிக மோசமான துண்டுக்கு என்ன மதிப்போ அதுவே முழு வழிக்கும் மதிப்பு. ஒன்பது தெருக்கள் அமைதியாக இருந்து பத்தாவதாக ஒரு பெருஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், அந்தக் கடத்தலின் மதிப்பெண்தான் பயணத்தின் மதிப்பெண். இதயத்திற்குச் செல்லும் குழாயில் எத்தனை அங்குலம் சீராக இருக்கிறது என்று யாரும் மகிழ்வதில்லை. அடைப்பு எங்கே என்றுதான் தேடுகிறோம். சான் ஓசேயில் அமைதியான தெருக்களுக்குக் குறைவில்லை, ஆனால் அகலச் சாலைகள் அவற்றைத் தீவுகளாகத் துண்டித்திருந்தன என்பதே ஆய்வின் முடிவு.

சென்னைக்கும் இது அப்படியே பொருந்தும். நூறடிச் சாலை என்று நாம் அழைக்கும் ஜவகர்லால் நேரு சாலையின் இருபுறமும் அசோக் நகரிலும் வடபழனியிலும் மரநிழல் படிந்த தெருக்கள் எத்தனையோ உள்ளன. காலை ஆறரை மணிக்கு அங்கே ஓர் ஆறாம் வகுப்புச் சிறுவன் தாராளமாக மிதிவண்டி பழகலாம். அவனே எட்டரை மணிக்குச் சாலையின் மறுபுறம் உள்ள பள்ளிக்குப் போக வேண்டுமானால் நிலைமை வேறு. இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் சிக்னலுக்காக நிற்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் பேருந்து இடப்புறம் ஒடிக்கும். பின்னால் வரும் ஷேர் ஆட்டோ அதைத் தாண்ட வலப்புறம் ஒடிக்கும். மிதிவண்டிக்காரர் இரண்டுக்கும் நடுவே. போதாக்குறைக்கு, சாலையோரமாக எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி. அது நேருக்கு நேர் வரும்போது ஒதுங்க ஒரே இடம் வலப்புறம்தான், அதாவது போக்குவரத்தின் நடுவில்.

சாலையின் இடது ஓரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிதிவண்டிக்காரரின் உலகம் அந்த இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கிறது. காரில் செல்பவர் கண்ணுக்குச் சாலை நன்றாகவே இருக்கும். ஓரத்தை அவர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய தார் மீதே புதிய தார் போடப்பட்டதால் ஓரத்தில் ஒரு விளிம்பு உண்டாகியிருக்கும். சக்கரம் அதிலிருந்து இறங்கினால் மீண்டும் ஏறுவது கடினம். பாதாளச் சாக்கடை மூடிகள் தரைமட்டத்துக்கு மேலோ கீழோ இருக்கும். மழைநீர் வடிகால் வாயின் கம்பிகள் சில இடங்களில் சாலையின் போக்கிலேயே நீளவாட்டில் கிடக்கும். மிதிவண்டிச் சக்கரத்தை விழுங்குவதற்கென்றே செய்தாற்போன்ற இடைவெளி. கட்டுமான மணல், கேபிளுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய குழி, குப்பைத் தொட்டி, அதைச் சுற்றி நாய்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவை எல்லாவற்றின் மீதும் ஒரே சீராகத் தண்ணீர் நிற்கும். மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளில் தடுப்புகள் சாலையை நெருக்கியதும் முதலில் காணாமற் போவது இந்த ஓரம்தான். பணி முடிந்தால் நன்மை விளையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பணி நடக்கும் ஆண்டுகளிலும் மனிதர்கள் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

குழியும் மணலும் கையை முறிக்கும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வேகம். மோதும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் ஆற்றல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மனித மண்டையோட்டின் வலிமை மட்டும் அப்படியே இருக்கிறது. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் மோட்டார் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் வேக வரம்பு 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்தது இதனால்தான். அகலமான, வழுவழுப்பான சாலை பாதுகாப்பானது என்ற எண்ணத்தை இங்கே கைவிட வேண்டியிருக்கிறது. கடற்கரையையொட்டிய காமராசர் சாலை கண்ணுக்கு எவ்வளவு அழகு! இரவு பத்து மணிக்கு அங்கே மிதிவண்டியில் செல்பவரைக் கேட்டுப் பாருங்கள். நெரிசல் மிகுந்த தியாகராய நகர்த் தெருவில் அவருக்கு எரிச்சல் மிகுதி, ஆபத்து குறைவு; காலியான அகலச் சாலையில் நிலைமை நேர்மாறு.

ஒரு தெருவின் தரத்தை அறிய மிக எளிய வழி, அதில் ஓட்டுபவர்களைப் பார்ப்பது. காலை வேளையில் பத்து நிமிடம் ஓரமாக நில்லுங்கள். சீருடை அணிந்த மாணவிகள் இருவர் மூவராகப் பேசிக்கொண்டு ஓட்டிச் சென்றால், முதியவர் ஒருவர் காய்கறிப் பையைத் தொங்கவிட்டு மெல்ல மிதித்துச் சென்றால், அந்தத் தெரு தேர்ச்சி பெற்றுவிட்டது. இளைஞர்கள் மட்டும் முதுகை வளைத்து விரைந்தால் அது துணிச்சல்காரர்களின் தெரு. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த அளவுகோல் பொய்யாகிவிடும். இரவுக் காவலர், கட்டடத் தொழிலாளி, டீ கேன் கட்டிய மிதிவண்டியில் அலுவலக வாசல்களுக்குப் போகிறவர், விடியுமுன் செய்தித்தாள் போடுகிறவர் ஆகியோர் அச்சமில்லாததால் ஓட்டுவதில்லை. பேருந்துக் கட்டணம் கூடப் பெரிதாகத் தெரியும் வருமானத்தில் அவர்களுக்கு வேறு வழியில்லை. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைக்கவசமும் மின்னும் விளக்குமாகச் செல்லும் குழுவினர் நாளிதழ்களில் இடம்பெறுகிறார்கள். பின்விளக்கில்லாத பழைய வண்டியில் நள்ளிரவு வீடு திரும்பும் காவலர் இடம்பெறுவதில்லை. தெருவை அவரைக் கொண்டும் அளக்க வேண்டும். அவரிடம் கேட்டால், எந்த வளைவில் விளக்கு எரியவில்லை என்பதைத் தெருவின் பெயரோடு சொல்வார்.

தலைக்கவசம் போட்டுக்கொண்டு கவனமாக ஓட்டினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். அது கடுமையான தலைக்காயங்களைக் குறைக்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. ஆயினும் கவசம் என்பது தெரு தோற்றுப்போன பிறகு வேலை செய்யத் தொடங்கும் பொருள். சாலையில் வெள்ளைக் கோடு போட்டு மிதிவண்டிப் படம் வரைந்துவிட்டால் பாதை ஆகிவிடும் என்ற நம்பிக்கையையும் நான் அப்படியே பார்க்கிறேன். மறுநாள் அங்கே கார் நிற்கும்; அதைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்குப் போவது கோடு இல்லாத நாளைவிட ஆபத்து, ஏனெனில் அங்கே உங்களை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்திற்கு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய வரலாறு இருக்கிறது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகித் தங்கள் நடமாட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டு, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான செலவில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒதுக்குவது, அவர்களுள் ஒருவரும் உயிரிழக்காத நிலையை எட்டுவது என்பன அதன் இலக்குகள். 2019ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம், இடத்தைக் காரிடமிருந்து எடுத்து மனிதருக்குக் கொடுக்க முடியும் என்று காட்டியது. மிதிவண்டியும் கிடைத்தது, கொள்கையும் கிடைத்தது. பள்ளியில் வண்டியைப் பெற்றுக்கொண்ட மாணவி வீடு சேரும் வழியை யார் மதிப்பிட்டார்கள் என்ற இடத்தில்தான் இடைவெளி. விலையில்லா மிதிவண்டி வழங்கும் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் ஒரு சில கிலோமீட்டர் தூரத்துக்காவது தெருக்களை நான்கு படிகளில் மதிப்பிட்டுப் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஓர் ஆசிரியரும் சில பெற்றோரும் ஒரு வாரக் காலை வேளைகளும் போதும்.

நெதர்லாந்தைப் பற்றிப் பேசினால், அது தட்டையான நாடு, அங்கே பிறவியிலேயே மிதிவண்டி ஓட்டுவார்கள் என்று தள்ளிவிடுவோர் உண்டு. 1971ஆம் ஆண்டில் அந்தச் சிறிய நாட்டுச் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று முழங்கிய பிறகே அங்கே தெருக்கள் மாறத் தொடங்கின. அவர்களும் புள்ளிவிவர நிபுணர்களாக இருக்கவில்லை.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். மிதிவண்டி ஓட்டுமாறு மருத்துவர் சொல்லியிருந்தால், வண்டியை எடுக்குமுன் அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். ஓட்டப்போகும் அதே நேரத்தில், முடிந்தால் துணைக்கு ஒருவரோடு. இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள். எத்தனை இடத்தில் ஓரத்தைவிட்டு நடுவே வர வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். சந்திப்பில் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து வண்டிகள் நிற்காமல் வருகின்றன என்று கவனியுங்கள். அந்த வழியில் மிக மோசமான இடம் எது? அங்கே மட்டும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடக்க முடியுமானால் வழி தேறிவிடும். தள்ளிக்கொண்டும் கடக்க முடியாதென்றால் வேறு வழி தேடுங்கள். நீண்டதாயினும் பரவாயில்லை. உடற்பயிற்சிக்காக ஓட்டுபவருக்குக் குறுக்குவழி எதற்கு?

எல்லோருக்கும் ஒரே தெரு ஒரே மதிப்பெண் பெறாது என்பதையும் மறக்க வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனக் குறையலாம். சட்டைப் பையில் மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குக் கால் மிதிகட்டையிலிருந்து நழுவுவது தெரியாது. கண்நீர் அழுத்த நோயால் பக்கவாட்டுப் பார்வை குறுகியவருக்கு, வலப்புறமிருந்து வரும் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் வரை சாலையில் ஓட்டவே கூடாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்து உட்கொள்பவர் தலையில் இலேசாக அடிபட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வலியில்லை என்று காத்திருக்க வேண்டாம். மற்றவர்களும் அடிபட்ட பின் வாந்தி, மிகுந்து வரும் தலைவலி, தூக்கக் கலக்கம், மூக்கிலோ காதிலோ நீர் வடிதல் இவற்றில் ஏதேனும் தோன்றினால் தாமதிக்கலாகாது. இவர்களில் பலருக்கு, நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி மிதிவண்டி தெருவைவிடப் பொருத்தம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் தெரு சரியில்லாத ஒரே காரணத்தால் நல்ல உடல்நிலை உள்ளவரும் வீட்டுக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு ஏற்புடையதன்று.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு 108 ஆம்புலன்சை அழையுங்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டத்தின்கீழ், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்கிறது. மிதிவண்டிக்காரருக்குக் காப்பீடு இருக்காது என்று நினைத்துக் குடும்பத்தார் சிறிய மருத்துவமனைகளில் நேரத்தைக் கடத்துவதைப் பார்க்கிறோம், அது வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடைந்த மூடி, எரியாத விளக்கு, குழி ஆகியவற்றைச் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் தெரிவிக்கலாம். வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும் சொல்லலாம். தெருப் பெயரோடு, எதிரிலுள்ள கடையின் பெயரையும் சொன்னால் ஊழியர் இடத்தை எளிதில் கண்டுபிடிப்பார். எங்களிடமும் சொல்லுங்கள். விழுந்து அடிபட்டு வரும்போது "கீழே விழுந்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தத் தெரு, எத்தனை மணி, எதில் சக்கரம் சிக்கியது, எந்த வண்டிக்கு ஒதுங்கினீர்கள் என்பதையும் கூறுங்கள். வலியில் இருக்கும் நோயாளியால் முடியாது. உடன் வருபவர் சொல்லலாம். பதிவுப் படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லை. காயம் ஏற்பட்ட விதம் என்ற வரியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதுபவர் அவசரத்தில் "தானாக விழுந்தார்" என்று எழுதப்போனால், தடுத்து, வடிகால் மூடி என்று எழுதச் சொல்லுங்கள்.